மயங்க வைத்தல்: ஒரு விளையாட்டு நூலின் விதிகளை முன்வைத்து

தமிழ்த்துறையின் சிறப்பு மலருக்குக் கட்டுரை தருக என்று மாணவர்கள் கேட்கும்பொழுதெல்லாம், காப்பியத்திலிருந்தோ இலக்கணத்திலிருந்தோ ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு நாலைந்து பக்கம் எழுதித் தருவது என் வழக்கம். இவ்வாண்டும் இலக்கணம் பற்றியே எழுதப் புகுகிறேன். ஆயினும் நான் எடுத்துக்கொண்ட நூல் நம் பாடத்திட்டத்தில் உள்ளதன்று. நம் நாட்டதும் அன்று. அமெரிக்காவில் அச்சான ஒரு விளையாட்டு விதிநூல் அது. பெரியோர்கள் முகஞ்சுளிக்காமல் இரண்டு பக்கம் உடன்வருமாறு வேண்டுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையார் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அவன் பெட்டியில் துணிமணியைக் காட்டிலும் கனமான நூல்கள் மிகுதி. பல முகங்கொண்ட பகடைகள் ஒரு சுருக்குப்பையில் இருந்தன. பிற்பகல் முழுவதும் வீட்டுத் திண்ணையில் என் மகள், மகன், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஆகியோரை வைத்துக்கொண்டு அவன் ஓர் ஆட்டம் நடத்தினான். மூன்று நாள் ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. நான்காம் நாள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆட்டத்திற்குப் போகவில்லை. அறைக்குள் அமர்ந்து கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். காரணம் கேட்டேன். "வாப்பா, நான் ஏமாற்றவில்லை. மச்சான் படித்த பக்கம் வேறு, நான் படித்த பக்கம் வேறு" என்றாள். சிறிது நேரத்தில் அவனும் நூலோடு வந்து நின்றான். "மாமா, நீங்கள் இலக்கணம் படித்தவர்கள். இந்த வரிக்கு என்ன பொருள் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றான். அன்று மாலை தொடங்கிய வாசிப்பே இக்கட்டுரை.

இவ்வகை ஆட்டத்தை அறியாதார்க்கு ஒரு சொல். 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகப் பேசுகின்றனர். ஒருவர் மட்டும் ஆட்டத் தலைவராக இருந்து உலகத்தையும் பகைவரையும் ஏனைய யாவற்றையும் தாங்குகிறார். செய்யக் கருதியது கைகூடிற்றா இல்லையா என்பதை இருபது முகப் பகடையும் விதிநூலும் தீர்மானிக்கின்றன. கதையும் கணக்கும் கலந்த ஆட்டம் எனலாம். இதன் வழிவந்தது 'பாத்ஃபைண்டர்'. வாஷிங்டன் மாநிலத்துப் பதிப்பகமான பைசோ 2009-இல் இதனை வெளியிட்டது; தலைமை வடிவமைப்பாளர் ஜேசன் புல்மான். அடுத்த ஆண்டு, அதாவது 2010-இல், 'அட்வான்ஸ்டு பிளேயர்ஸ் கைடு' என்னும் துணைநூல் வந்தது. அதில் புதிதாகச் சேர்க்கப்பெற்ற ஆறு வகை மாந்தருள் ஒருவன் 'சம்மனர்'. அழைப்போன் என்று தமிழில் வழங்குவோம்.

அழைப்போனுக்குச் சிறப்பு, அவன் வேற்றுலகிலிருந்து வரவழைக்கும் ஒரு துணையுயிர். அதற்கு 'ஐடோலன்' என்று பெயர். சொல் கிரேக்கச் சொல். உருவம், நிழலுரு, மாயத்தோற்றம் என்பன அதன் பொருள்கள். கி.மு. 412-இல் யூரிப்பிடிஸ் இயற்றிய 'ஹெலன்' நாடகத்தில் டிராய் நகருக்குச் சென்றது ஹெலனே அல்லள், அவளைப் போன்ற ஐடோலன்தான் என்றொரு செய்தி வரும். ஆங்கிலத்தில் 'ஐடல்' என்னும் சொல்லும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. இதைப் படித்தவுடன் நம் பெரியவர்களுள் சிலர், ஏதோ ஜின்னை அழைக்கும் வித்தையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்களோ என்று ஐயுறக்கூடும். ஐயுறுவது அவர்கள் கடமை. நானும் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்த்தேன். கண்டது மந்திரமன்று, பட்டியல். கூட்டலும் கழித்தலும் நிறைந்த அப்பக்கங்களை மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை பார்த்தால் தன் பேரேடு என்றே எண்ணுவார். பிள்ளைகள் அங்கே அழைத்தது கற்பனையை, செய்தது கணக்கு.

அக்கணக்கு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஏனைய ஆட்டக்காரர்க்கு நாயோ குதிரையோ துணையாகக் கிடைக்குமாயின், அதன் அளவுகள் நூலில் ஆயத்தமாக இருக்கும். ஐடோலனோ ஆட்டக்காரரே கட்டிக்கொள்ள வேண்டிய உயிர். இருகாலி, நாற்காலி, பாம்புரு என முதலில் மூன்று அடிப்படை உருவங்கள் தரப்பட்டன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பின்னர் 'வளர்ச்சிப் புள்ளி' என்னும் ஒருவகைச் செல்வம் கையில் தரப்படும். முதற்படியில் மூன்று புள்ளி. இருபதாம் படியில் இருபத்தாறு. கடிக்கும் வாய்க்கு ஒரு புள்ளி. கூடுதலான ஓர் இணைக் கைக்கு இரண்டு. சிறகுக்கு இரண்டு, அதற்கு அழைப்போன் ஐந்தாம் படியையேனும் எய்தியிருக்க வேண்டும். உடல் பெருக்க நான்கு. அதற்கு எட்டாம் படி. மேலும் பேருரு எடுக்க இன்னும் ஆறு. அதற்குப் பதின்மூன்றாம் படி. படி உயருந்தோறும் பழைய தேர்வுகளைக் கலைத்துப் புதிதாக அடுக்கவும் இடமுண்டு. ஒரு பிள்ளை கட்டிய உயிர் இன்னொரு பிள்ளை கட்டியதைப் போல் இராது. என் மகன் ஆறு கால் ஓநாய் ஒன்றைக் கட்டி அதற்கு எங்கள் தெருப் பூனையின் பெயரை இட்டிருந்தான். இத்தகைய சுதந்தரத்தை வேறெந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை. அந்த வகையில் இந்நூலாசிரியர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

இனி வழக்கிற்கு வருவோம். என் மகள் கட்டியது இருகாலி. அழைப்போன் மூன்றாம் படியில் இருந்தமையால் அவளிடம் ஐந்து புள்ளி. இருகாலிக்குக் கைகளும் கால்களும் நகங்களும் விலையின்றிக் கிடைக்கும். நகம் இரு தாக்குதல் தரும். அவள் ஒரு புள்ளிக்கு வாய் வாங்கினாள், தாக்குதல் மூன்றாயிற்று. இரண்டு புள்ளிக்கு இன்னோர் இணைக் கை வாங்கினாள். எஞ்சிய இரண்டிற்கு எளிய ஆயுதப் பயிற்சி வாங்கி, அப்புதுக் கைகளில் ஓர் ஈட்டியைக் கொடுத்தாள். ஆக நகம் இரண்டு, வாய் ஒன்று, ஈட்டி ஒன்று, மொத்தம் நான்கு.

ஆட்டத் தலைவனாகிய என் மருமகன் அட்டவணையைக் காட்டினான். மூன்றாம் படிக்கு நேராக 'மிகுதியான தாக்குதல்' என்னும் நிரலில் மூன்று என்று அச்சிட்டிருக்கிறது. நான்காவது செல்லாது என்றான். அவளோ அந்நிரலுக்கு நூல் தரும் விளக்கத்தைக் காட்டினாள். அவ்வளவு 'இயற்கைத் தாக்குதல்களுக்கு' உரியது என்று அங்கே எழுதியிருக்கிறது. நகமும் பல்லும் இயற்கை, ஈட்டி செயற்கை. இருவரும் நூலைத்தான் காட்டினார்கள். பதிப்பகத்தார் பிற்காலத்தில் வெளியிட்ட கேள்வி-விடை விளக்கம் தன் பக்கமே என்றும் அவன் சொன்னான். அவ்விளக்கம் அவள் கையிலிருந்த நூலில் இல்லை.

பவணந்தியார் நூலுக்குரிய குற்றங்கள் பத்தென வகுத்ததை முதலாண்டு மாணவரும் மனப்பாடமாகச் சொல்வர். தேர்வுக்கு எழுதியபின் அவற்றை நாம் எங்கும் பயன்படுத்துவதில்லை என்பது என் நெடுநாள் குறை. ஈண்டு அவை எனக்குப் பயன்பட்டன. நிரலின் தலைப்பு எல்லாத் தாக்குதலையும் குறிக்குமாறு அகன்று நிற்கிறது. விளக்கமோ ஒருவகைத் தாக்குதலுக்கு மட்டும் ஒடுங்கி நிற்கிறது. பெயர் ஒன்றும் இலக்கணம் ஒன்றுமாகப் போனால் படிப்பவர் யாது செய்வர்? இதுதான் மயங்க வைத்தல். பொருளை மறைக்க வேண்டும் என்ற கருத்து எழுதியவர்க்கு இல்லை. தம் மனத்தில் தெளிவாக இருந்ததனாலேயே தாளில் தெளிவாக வைக்கத் தவறினர்.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விட்டால் என் மகளுக்கு அநீதி செய்தவனாவேன். ஆயுதத்தோடு இயற்கைத் தாக்குதலையும் சேர்த்துச் செய்தால், நகமும் பல்லும் இரண்டாந்தரமாகி, பகடையில் ஐந்து குறையும். வலிமையிலும் பாதியே சேரும். அடிப்படை விதிநூலின் போர்ப்பகுதி அவ்வாறு கூறுகிறது. ஆக, அவள் நான்காம் தாக்குதலைத் திருடவில்லை. மற்ற மூன்றின் கூர்மையை விலையாகக் கொடுத்து வாங்கினாள். அவ்விதி ஒரு நூலிலும் புள்ளிக்கணக்கு இன்னொரு நூலிலும் இருந்தமையால், கூச்சலின் நடுவே அதை எடுத்துச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

'உறுப்பு' பற்றிய விதியும் அத்தகையதே. புதுக் கைக்கு இரண்டு புள்ளி கொடுத்தாலும் அக்கையால் தாக்குதல் எதுவும் கூடாது. நகம் வேண்டுமாயின் தனியே மேலும் ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். நூலில் இது சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் கை என்ற மாத்திரத்தில் அடிக்கும் என்று நினைப்பது மனித இயல்பு. அடுத்த வீட்டுப் பையன் இரண்டு நாள் வரையில் தன் உயிரின் நான்கு கைகளாலும் அடித்துக்கொண்டிருந்தான், ஒருவரும் கவனிக்கவில்லை.

இதனினும் பெரிய மயக்கம் ஒன்றுண்டு. அழைப்போனுக்குரிய ஆற்றல்களுள் 'இணைப்பு' என்பது ஒன்று, 'உயிரிணைப்பு' என்பது மற்றொன்று. பெயரைக் கேட்டவுடன் முன்னதன் விரிவே பின்னது என்று தோன்றும். அவ்வாறன்று. ஒரே உலகில் இருக்குமளவும் எத்தனை தொலைவிலும் இருவரும் மனத்தால் உரையாடலாம் என்பது இணைப்பு. அந்தப் பத்தியின் இறுதியிலேயே, யாரும் எதிர்பாராத வண்ணம், மந்திர அணிகலன் பற்றிய விதி பதுங்கியிருக்கிறது: அணிகலன் அணியும் இடங்களை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், அழைப்போன் ஒரு மோதிரம் அணிந்தால் ஐடோலனுக்கு ஒன்றே எஞ்சும், முரண் நேர்ந்தால் அழைப்போனுடையதே செயற்படும். மனத்தால் உரையாடுவதற்கும் மோதிரத்துக்கும் என்ன உறவு? மற்றொன்று விரித்தல் என்று நாம் படித்தது இதைத்தான். உயிரிணைப்பிலோ, ஐடோலன் வீழும் நிலையில் அழைப்போன் தன் உயிர்ப்புள்ளிகளைத் தந்து அதைக் காக்கலாம் என்பதும், இருவருக்கும் இடையே தொலைவு நூறு அடியைக் கடந்தால் ஐடோலனின் உயிர்ப்புள்ளி பாதியாகக் குறையும், 1,000 அடியைக் கடந்தால் முக்காற்பங்கு குறையும், 10,000 அடியைக் கடந்தால் அது தன்னுலகுக்கே மீளும் என்பதும் உள்ளன. ஆகத் தொலைவு ஒரு தலைப்பின்கீழ்ப் பொருட்டன்று. மற்றொரு தலைப்பின்கீழ் உயிர்போகும் செய்தி. இரண்டையும் ஒருசேரப் படியாதவன் எதை நம்புவான்?

நம் இலக்கணிகள் வகுத்த உத்திகளுள், பின்னர்ச் சொல்லப்படும் என்று முன்னே குறிப்பதும் ஒன்று. அதற்கு உரைத்தும் என்றல் எனப் பெயர். முன்னரே சொல்லப்பட்டது என்று பின்னே நினைவூட்டுவது உரைத்தாம் என்றல். இவை வெறும் அலங்காரம் என்று மாணவப் பருவத்தில் நானும் எண்ணியதுண்டு. இவ்விரண்டு உத்தியும் போதிய அளவு இல்லாத ஒரு நூலைப் பிள்ளைகள் கையில் பார்த்தபின்னரே அவற்றின் அருமை விளங்கிற்று.

படிக்கும் உயிர்க்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். அழைப்போன் ஏறும் படி வேறு. ஐடோலனின் உயிர்ப்பகடை எண்ணிக்கை வேறு. நான்காம் படியில் அதற்கு மூன்று பகடையே. இருபதாம் படியிலும் பதினைந்துதான். சில பேறுகளுக்குப் படியைப் பார்க்க வேண்டும், சிலவற்றுக்குப் பகடையைப் பார்க்க வேண்டும். எதற்கு எது என்று ஒரே இடத்தில் தொகுத்துச் சொல்லியிருந்தால் பத்து வரியில் முடிந்திருக்கும். பின்பு 2011-இல் 'அல்டிமேட் மேஜிக்' என்னும் நூல், ஐடோலனைத் தனியே நிறுத்தாமல் அழைப்போன் அதைச் சட்டைபோல் தன்மேல் அணிந்துகொள்ளும் வகையொன்றை நல்கியது. அப்பொழுது உடல்வலிமை ஐடோலனுடையது, அறிவு அழைப்போனுடையது, ஐடோலனின் உயிர்ப்புள்ளிகள் தற்காலிகமாக அவன்மேல் ஏறும். எங்கே அவன் முடிகிறான், எங்கே அது தொடங்குகிறது என்பதற்கு என் மருமகனிடமும் விடையில்லை. அவ்வகையைத் திண்ணையில் அவன் அனுமதிக்கவே இல்லை. அதில் அவனை நான் குறைகூற மாட்டேன்.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்காகவா என்று கேட்போர் உளர். ஐயம் வந்தால் ஆட்டத் தலைவர் தீர்ப்பளித்துவிட்டுப் போகட்டும், விதியைப் பிடித்துத் தொங்குவானேன் என்பது அவர்கள் கட்சி. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆயினும் திண்ணையில் நடந்ததை நான் கண்டேன். விதி தெளிவாக இருந்த இடத்தில், வீட்டுக்கு வந்த பெரிய மச்சானிடம் பதினேழு வயதுப் பெண் அச்சமின்றி, "இல்லை, இங்கே பாருங்கள்" என்று விரலை வைத்துக் காட்டினாள். விதி மயங்கிய இடத்தில் அவ்விரலுக்கு ஊன்ற இடமில்லை. அங்கே வயது மூத்தவன், நூலுக்கு உடையவன், குரல் பெரியவன் வென்றான். அவன் கெட்டவனல்லன், தான் நேர்மையாகவே தீர்ப்பளித்ததாக நம்பினான். மயங்கிய விதி வலியவனுக்கு மட்டுமே பயன்படுகிறது. அது பயன்படுவது அவனுக்கே தெரிவதில்லை. என் மகள் அழவில்லை, சண்டையிடவில்லை. கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நம் வகுப்பறைகளிலும் இவ்வாறு எழுந்து போகாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருமுறை நான் எடுத்த வினாத்தாளில் 'இவற்றுள் மூன்றனுக்கு' என்பது முதற்பகுதிக்கு மட்டுமா, இரண்டு பகுதிக்கும் பொதுவா என்று தெளிவாக இல்லை. துணிந்த மாணவர்கள் எழுந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கேட்காதவர்கள் அனைத்துக்கும் விடையெழுத முயன்று நேரத்தை இழந்தார்கள். விடைத்தாள் திருத்தும்பொழுதுதான் அது எனக்குத் தெரியவந்தது.

இக்குறை பாத்ஃபைண்டருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் கூற வேண்டும். மூத்த ஆட்டமாகிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் விலங்குகளை வரவழைக்கும் மந்திரம் ஒன்றுண்டு. வலிய விலங்கு ஒன்று, அதனினும் எளியவை இரண்டு, பின்னும் எளியவை நான்கு, மிக எளியவை எட்டு என நான்கு தெரிவுகள். எந்த விலங்கு என்பதைத் தெரிவு செய்பவர் யார், அழைப்பவரா ஆட்டத் தலைவரா? நூலைப் படித்தவர்கள் இருவிதமாகவும் கொண்டார்கள். எண்ணிக்கையை அழைப்பவர் சொல்வார், எந்த விலங்கு என்பதை ஆட்டத் தலைவர் தீர்மானிப்பார் என்று பின்னர் அதிகாரப்பூர்வ விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. எழுவாய் ஒன்றைச் சேர்த்து எழுதியிருந்தால் அவ்விளக்கத்துக்கே வேலையில்லை. எழுவாயை மறைத்துச் செயப்பாட்டு வினையில் எழுதுவதன் தீமையை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. இதைச் சொன்னால் ஏறும் என்று தோன்றுகிறது.

குறை கண்டவர்கள் வாளாவிருக்கவில்லை. 2015-இல் பைசோ 'பாத்ஃபைண்டர் அன்செயின்டு' என்னும் நூலில் நான்கு வகை மாந்தரைத் திருத்தி வெளியிட்டது. அழைப்போனும் அவர்களுள் ஒருவன். புதிய ஐடோலன் இன்ன இனத்தது என்று முதலிலேயே ஒன்றைத் தேர்ந்துவிட வேண்டும். அவ்வினத்துக்குரிய பேறுகள் படிப்படியாகத் தாமே வரும். ஆட்டக்காரர் கையில் தரும் புள்ளிகள் குறைந்தன. பழைய ஐடோலன் ஏனையோரை விஞ்சிய வலிமை கொண்டிருந்தது என்ற முறையீடு அதற்கு ஒரு காரணம். அம்முறையீட்டில் உண்மையுண்டு. ஆனால் தெளிவின்மைக்கு மருந்தாகவும் அதனையே சிலர் புகழ்வதை நான் ஏற்கவில்லை. வீட்டில் சாமான்கள் சிதறிக் கிடக்கின்றன என்றால் அடுக்கி வைக்க வேண்டும். பாதியைத் தெருவில் எறிந்துவிட்டு, பார் எவ்வளவு துப்புரவு என்பது முறையாகாது. ஆறு கால் ஓநாய்க்குத் தெருப்பூனையின் பெயரிட்ட என் மகனின் மகிழ்ச்சி, தேவதூதர் இனம், அசுர இனம் என்று முன்னரே வகுத்த பட்டியலில் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. விலங்குகளை வரவழைக்கும் அம்மந்திரத்தில் இப்பொழுது தனித்தனி விலங்குகளே இல்லை. விலங்குக் கூட்டத்தின் ஆவியுரு ஒன்று தோன்றித் தன் எல்லைக்குள் தீங்கு செய்யும், அவ்வளவே. எட்டு ஓநாய்க்கு எட்டுமுறை பகடை உருட்டி மேசையைத் தூங்க வைத்த தொல்லை ஒழிந்தது. உடன் ஓநாயும் ஒழிந்தது. இதற்கு இடைப்பட்ட வழி ஒன்றை அவர்களே 2020-இல் கண்டிருந்தனர். அவ்வாண்டு வந்த நூலில், நிலம், நீர், வான் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால், அழைக்கும் விலங்கின் அளவுகள் முழுவதும் மந்திரத்தின் பக்கத்திலேயே கிடைக்கும். தெரிவும் இருக்கிறது, தேட வேண்டியதும் இல்லை. அத்தகைய பக்கத்தைக் கண்டால் எனக்கு நல்ல உரையாசிரியரைக் கண்டது போன்ற நிறைவு.

என் உள்ளத்துக்கு மிகவும் உகந்தது பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு செய்த திருத்தம். அப்பதிப்பு 2019-இல் வந்தது. அழைப்போன் 2021-இல் 'சீக்ரெட்ஸ் ஆஃப் மேஜிக்' என்னும் நூலின்வழி அதனுட் புகுந்தான். அங்கே அடிப்படைக் கருத்து ஒன்றை முதலில் நாட்டிவிட்டனர்: அழைப்போனும் ஐடோலனும் ஓருயிர். இருவருக்கும் உயிர்ப்புள்ளி ஒரே குவியல். ஒரு சுற்றில் செய்யக்கூடிய செயல்கள் மூன்றும் இருவருக்கும் பொது. திரும்பத் திரும்பத் தாக்கினால் வரும் இழப்பும் பொது. ஒரே தீயில் இருவரும் அகப்பட்டால் இருமுறை வேகமாட்டார்கள். இருவருள் மோசமான விளைவு ஒருமுறை மட்டும் பற்றும். இவ்விதிகளை என் மகளுக்குப் படித்துக் காட்டியபொழுது, முதலாவதைக் கேட்டதும் அடுத்ததை அவளே ஊகித்துச் சொன்னாள். விதியின் வேர் கைக்கு அகப்பட்டால் கிளைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. தாக்குதல் எத்தனை என்ற அந்தப் பழைய வழக்கு இங்கே எழவே எழாது. எத்தனை கை இருந்தாலும் செயல் மூன்றுதான். விலங்கு, தாவரம், டிராகன், கைவினையால் ஆன உரு என்று பலவகை ஐடோலன்கள் அங்கும் உள்ளன. பழைய நூலின் அளவு கட்டற்ற சுதந்தரம் இல்லை என்பது மெய்யே. அதை நான் இழப்பாகவே கருதுகிறேன். எனினும் தெளிவைத் தெளிவாலேயே தேடியிருக்கிறார்கள்.

பழைய நூலையும் இவ்வாறு தெளிவாக எழுதியிருக்க முடியாதா? முடியும் என்பதே என் கருத்து. வேண்டுவன மிகச் சிலவே. சொல்லை ஆளுமுன் அதன் பொருளை வரையறுத்துவிட வேண்டும். தலைப்பும் விளக்கமும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும். மோதிர விதியை மோதிரம் தேடுபவன் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு மயக்கத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு, அதுவும் எளிதானதன்று, சண்டை வரத்தக்க எடுத்துக்காட்டு, தரவேண்டும். நான்கு கையுடைய இருகாலி ஈட்டி பிடித்தால் என்ன ஆகும் என்று இரண்டு வரி அந்நூலில் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு பிற்பகல் மிஞ்சியிருக்கும்.

அன்று மாலை என்னிடம் தீர்ப்புக் கேட்டார்களல்லவா? தலைப்பும் இலக்கணமும் முரணினால் இலக்கணமே வலியது. ஆதலின் இந்நூலின்படி நான்காம் தாக்குதல் செல்லும் என்றேன். பதிப்பகத்தாரின் பிற்கால விளக்கத்தை ஏற்பதாயின் ஆட்டம் தொடங்குமுன் அனைவர்க்கும் அதைப் படித்துக்காட்டியிருக்க வேண்டும். நடுவில் எடுத்து நீட்டுதல் கூடாது என்றும் சொன்னேன். மருமகன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பின்பு, "சரி மாமா, என் பிழைதான்" என்று சொல்லி, ஒரு முழுத்தாளை எடுத்துத் தங்கள் திண்ணைக்குரிய விதிகளை எழுதத் தொடங்கினான். என் மகள் அருகே அமர்ந்து ஒவ்வொரு வரியையும் படித்து, "இதில் யார் என்று இல்லை, சேருங்கள்" என்று திருத்தினாள். பதினொரு விதி ஆயிற்று. மறுநாள் பிற்பகல் ஐவரும் அமர்ந்தார்கள். அரைமணி கூட ஆகியிராது, உள்ளே விடைத்தாள் கட்டோடு இருந்த என்னை நோக்கி மகளின் குரல் வந்தது: "வாப்பா, ஐடோலன் தூங்குமா? அது தூங்கும்பொழுது அழைப்போன் விழித்திருந்தால் என்ன விதி? ஏழாவதா, ஒன்பதாவதா?"